அறுபத்தெட்டாம் ஆண்டுக் காபரேட்டர்

இன்று ஓர்லிகோனில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் விட்டுச்சென்ற பெற்றோல் மணம், நான் வளர்ந்த பூம்ப்ளிஸில் இப்போது அடுக்குமாடிகள் நிற்கும் இடத்தில் முன்பிருந்த, பழைய கார்களை உடைத்து விற்கும் முற்றத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. சனிக்கிழமைகளில் அப்பா தன் அறுபத்தெட்டாம் ஆண்டு அமெரிக்கக் காருக்கு, அதே ஆண்டில் செய்த, பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேட்டரைத் தேடி அங்கே குவியல் குவியலாகக் கிளறுவார். மழை தகரக் கூரையில் தடதடக்க, அம்மாவும் நானும் கொட்டிலுக்குள் தேநீரோடு குளிரில் ஒடுங்கியிருப்போம்.

"வேறை ஒண்டைப் பூட்டினால் ஓடாதோ?" என்று அப்பாவிடம் கேட்பார் அம்மா.

"ஓடும். ஆனா அது இந்தக் காரோடை பிறந்தது இல்லை."

இரண்டு குளிர்காலங்கள் அப்படியே போயின. ஒருநாள் கொட்டில் கதவுக்கு முட்டுக்கொடுத்திருந்த, எண்ணெய் படிந்த சாமானை அம்மா காலால் தள்ளினார். பிறகு குனிந்து, கைக்குட்டையால் துடைத்து, அதில் பொறித்திருந்த, அப்பா சொல்லிச் சொல்லி எங்களுக்கும் பாடமாகிப்போன இலக்கத்தை மெல்ல வாசித்தார்.

"இஞ்சருங்கோ, ஓடி வாங்கோ!"

சேற்றில் வழுக்கியபடி ஓடிவந்த அப்பா, இலக்கத்தைப் பார்த்ததும் அம்மாவை அப்படியே தூக்கிச் சுற்றினார். "விடுங்கோ, பிள்ளை பாக்கிறாள்" என்று சிரித்த அம்மா, காபரேட்டரை மட்டும் நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார்.