சித்தியின் அரசமுறை விஜயங்கள்

பிரித்தானிய இளவரசரைப் பற்றிய செய்திகள் எங்கள் வீட்டுக்கு எப்போதும் மூன்று மாதம் பிந்தியே வந்து சேர்ந்தன. அவர் கோடையில் நட்ட மரத்தை, எங்கள் தெருவில் இலையெல்லாம் கொட்டிய பிறகுதான் பார்த்தோம். அவர் மார்கழியில் நத்தாருக்குக் கோயிலுக்குப் போன படம் தவக்காலத்தின் நடுவில் வந்தது.

காரணம் சித்தி. அம்மாவின் தங்கை. ஜெர்மனியில், ஹம் நகரில் எங்களோடுதான் இருந்தார். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பல் வைத்தியரின் இடத்தைத் துப்புரவு செய்தார். காத்திருக்கும் அறையில் பழசாகிப்போன சஞ்சிகைகளை எறியச் சொன்னால், எறியாமல் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். ஜெர்மன்காரருக்கு இப்போது சொந்தமாக ராசா இல்லை. ஆனாலும் அயல்நாட்டு ராசகுடும்பங்களைப் பற்றி வாசிக்காமல் அவர்கள் பல் பிடுங்கப் போவதில்லை போலும். சித்தி மொழி படித்தது பெரும்பாலும் இந்தச் சஞ்சிகைகளில்தான். அதிலும் பிரித்தானிய இளவரசர் வந்த பக்கங்களில். தாயார் அரியணையில் இருக்க, தலை நரைக்கும்வரை தன் முறைக்காகக் காத்திருந்த அதே இளவரசர்தான். இன்று அவர் அரசர். நான் சொல்வது அதற்குப் பல ஆண்டுகள் முந்திய கதை.

"மச்சாள், உங்கட இளவரசர் இண்டைக்கு எங்க ரிப்பன் வெட்டினவர்?" என்று வேலையால் வந்ததும் அப்பா கேட்பார். அவருக்குக் கம்பி ஆலையில் வேலை.

"இண்டைக்கு மாட்டுப் பண்ணைக்குப் போனவர், அத்தான். ஒரே சேறு. ஆனா சப்பாத்தை மாத்திப்போட்டுத்தான் உள்ள போனவர். உங்களை மாதிரிக் குசினி அடுப்படி வரைக்கும் சப்பாத்தோட வரேல்லை."

அப்பா திரும்பிப் போய்ச் சப்பாத்தைக் கழற்றுவார்.

அந்த ஆண்டு சித்திக்கு ஒரு மொழிச் சோதனை இருந்தது. B1 என்ற அந்தப் படியை எங்கள் ஆட்கள் ஜெர்மன் உச்சரிப்பில் பே-ஐன்ஸ் என்பார்கள். அதில் பாஸ் பண்ணினால், முதியோர் இல்லம் ஒன்று சித்தியைப் பராமரிப்புத் தொழில் படிக்க எடுக்கும். ஆவுஸ்பில்டுங் என்கிற அந்தத் தொழிற்படிப்பு கிடைத்தால் சித்தி இந்த நாட்டில் இருக்கலாம். கிடைக்காவிட்டால், வெளிநாட்டவர் அலுவலகம் மூன்று மாதத்துக்கொருமுறை நீட்டித் தரும் ஒரு தாள்தான் கதி. அது நீட்டப்படாத நாள் வரைக்கும். அன்றைக்கு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதில் முதல் பாதி மட்டும்தான் நான்காம் வகுப்பில் இருந்த எனக்குத் தெரியும். சித்தி பாஸ் பண்ணினால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போவார் என்ற அளவில்.

முதல் முறை அவர் தோற்றது ஐப்பசியில். கார்த்திகை என்று அம்மா இன்றைக்கும் வாதாடுவார். இல்லை. கார்த்திகைத் தொடக்கத்தில் வரும் சகல ஆத்துமாக்கள் திருநாளுக்கு வாங்கிய மெழுகுதிரிப் பையை அவிழ்க்காமலே மடியில் வைத்துக்கொண்டு சித்தி கதிரையில் இருந்தது எனக்கு நல்ல ஞாபகம்.

"எழுத்தில பாஸ். கேக்கிறதில பாஸ். கதைக்கச் சொன்ன உடன வாய் கட்டிப்போச்சு."

"அப்பிடி என்னடி கேட்டவை?" என்றார் அம்மா.

"உங்கட ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கோ எண்டு. என்ர நாளில என்னக்கா கிடக்கு? ஆக்கள் நடந்த நிலத்தைத் துடைச்சன், வந்தன், படுத்தன் எண்டே சொல்லுறது?"

"இளவரசற்ற நாளைக் கேட்டிருந்தா மச்சாள் பொழுதுபடும் மட்டும் கதைச்சிருப்பா" என்றார் அப்பா.

அவர் பகிடியாகச் சொன்னார். நான் அதைப் பகிடியாக எடுக்கவில்லை.

அடுத்த சோதனை குருத்தோலை ஞாயிறுக்கு முந்திய சனிக்கிழமை என்று குறித்தார்கள். தவக்காலம் தொடங்கும் விபூதிப் புதனன்று பூசை முடிந்து வரும்போது, அந்த நாற்பது நாளும் யார் எதை விடுவது என்ற பேச்சு வந்தது. அம்மா இறைச்சியை விட்டார். அப்பா பியரை விடுவதாகச் சொல்லி, பிறகு ஞாயிறு தவிர என்று திருத்திக்கொண்டார். சித்தி தமிழை விட்டார். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில் ஜெர்மன் மட்டும்தான்.

"அப்ப செபம் எந்தப் பாஷையிலயடி சொல்லுவாய்?" என்று அம்மா கேட்டார்.

"மாதாவோட மட்டும் தமிழ், அக்கா. அவவுக்குச் சோதனை இல்லைத்தானே."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது நான் அகப்பையை ஒலிவாங்கியாகப் பிடித்துக்கொண்டு எழும்பினேன். சஞ்சிகையில் இளவரசரின் நாளை எப்படி எழுதுவார்களோ, அப்படியே சித்தியின் நாளை அறிவித்தேன். சொன்னது ஜெர்மனில், இங்கே தமிழில் தருகிறேன்.

"இன்று காலை சித்தி அவர்கள் பல் வைத்தியரின் இல்லத்துக்கு விஜயம் செய்தார். வாசலில் ஒரு வாளி அவரை வரவேற்றது. அவர் எல்லா அறைகளையும் பார்வையிட்டு, ஊழியர்களுடன் கைகுலுக்கினார். பின்னர் விடைபெற்றுச் சென்றார்."

அப்பாவுக்குப் புரையேறியது. சித்தி சிரித்து முடித்துவிட்டு, ஜெர்மனிலேயே என்னைத் திருத்தினார்: கை குலுக்கவில்லை, கையுறை போட்டிருந்தேன். அரசிகளும் கையுறை போடுவார்கள்தானே என்றேன்.  அவர் அகப்பையை என்னிடமிருந்து வாங்கி, அதே நாளைத் தானே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார். வாளியை விட்டுவிட்டார். காத்திருக்கும் அறையில் ஒரு கிழவி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடியதையும், அது கதிரைக்குக் கீழே கிடந்ததையும் சேர்த்தார்.

அதன் பிறகு ஒரு நாளும் தவறவில்லை. காய்ச்சல் வந்த நாளிலும் போர்வையோடு வந்து மேசையில் இருந்து சொன்னார். அப்பா நிருபராகக் குறுக்குக் கேள்வி கேட்டார். எங்கே இறங்கினீர்கள், யார் வரவேற்றார், மழை வந்ததா. சித்தி தடுமாறினால் அம்மா சோற்றுக் கரண்டியால் மேசையில் தட்டுவார், மறுபடியும் தொடக்கத்திலிருந்து. ஒவ்வொரு செய்தியும் ஒரே வசனத்தில்தான் முடியும். பின்னர் விடைபெற்றுச் சென்றார். சஞ்சிகைகளில் அப்படித்தான். இளவரசர் எங்கே போனாலும், எவ்வளவு பேர் கொடி அசைத்தாலும், கடைசியில் அவரது கார் வந்துவிடும்.

ஒருமுறை மட்டும் பிசகியது. தவக்காலத்தின் நடுவில் ஒரு வியாழக்கிழமை சித்தி தன் நீலக் கோட்டைப் போட்டு, தோடு மாற்றி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய்வந்தார். மூன்று மாதத்துக்கொருமுறை நடப்பது. அப்படிப் போகும் நாட்களில் காலையில் என்னை வழமைக்கு மாறாக நெற்றியில் கொஞ்சுவார், பின்னேரம் கேக் வாங்கி வருவார். இவ்வளவு அலங்காரமாகப் போகிற இடம் கட்டாயம் ஒரு பெரிய இடமாகத்தான் இருக்க வேண்டும் என்பது என் முடிவு. ஆகவே அன்றைய செய்தியை நானே வாசித்தேன்.

"சித்தி அவர்கள் இன்று நீல அங்கியில் அரச அலுவலகத்துக்கு விஜயம் செய்தார். அதிகாரிகள் அவரை வரவேற்று உரையாடினர். பின்னர் விடைபெற்று..."

"வாயை மூடு!" என்றார் அம்மா. தமிழில்.

அவர் கரண்டியால் அடித்ததில் கேக் தட்டு மேசையில் அதிர்ந்தது.  சித்திதான் அகப்பையை எடுத்தார். "பிள்ளை சரியாத்தான் சொன்னவள், அக்கா" என்று தமிழில் சொல்லிவிட்டு, உடனே ஜெர்மனுக்கு மாறி, அலுவலகத்தின் படிகளிலிருந்து தொடங்கி அந்த நாளை முழுவதும் சொல்லி முடித்தார். குரல் எங்கேயும் நிற்கவில்லை.

சோதனை டோர்ட்மண்டில். நானும் அப்பாவும் கூடப் போய், எதிரேயிருந்த வெதுப்பகத்தில் காத்திருந்தோம். அப்பா ஒரு கோப்பியை வாங்கிக் குடிக்காமல், துடைக்கும் தாள்களைத் தும்பு தும்பாகக் கிழித்துக்கொண்டிருந்தார். நீலக் கோட்டு வாசலில் தெரிந்தபோது தாள் பெட்டி வெறுமையாகியிருந்தது.

திரும்பும் ரயிலில்தான் சித்தி வாய் திறந்தார். அவரே தன் விரதத்தை முறித்துத் தமிழில் சொன்னார்.

"நாளைக் கேட்டவை. சொன்னன். கண்ணாடியைத் துலைச்ச கிழவி, உன்னைக் கூட்டிவரப் போற பள்ளிக்கூட வாசல், எல்லாம். அவையே போதும் எண்டு சொல்லும் மட்டும் சொன்னன்."

"பிறகு?" என்றார் அப்பா.

"பிறகு ரெண்டு பேராச் சேர்ந்து ஒரு திட்டம் போடச் சொன்னவை. கூட வேலை செய்யிறவர் கால் முறிஞ்சு ஆசுப்பத்திரியில. அவரைப் பாக்கப் போகோணும். எனக்குச் சோடி ஒரு லொறிச் சாரதி, மலை மாதிரி ஆள். அந்த மனுசன் 'பூ வாங்குவம்' எண்டிட்டு நிப்பாட்டிட்டான்."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?" என்று அப்பா கேட்டார்.

"பூவை ஆர் பிடிக்கிறது எண்டு கேட்டன். கார் எந்த வாசலில நிக்கும்? அங்க ஆர் எங்களை வரவேற்கிறது? மழை வந்தா ஆர் குடை பிடிக்கிறது? ஒராள் முன்னுக்குப் போய் லிஃப்ற் வேலை செய்யுதோ எண்டு பாக்கோணும். முதலில நேர்ஸ்மாருக்குக் கை குடுக்கோணும், பிறகுதான் நோயாளி. கனநேரம் நிக்கக் கூடாது, நோயாளி களைச்சுப்போவார். அந்த மனுசன் எல்லாத்துக்கும் 'ஓம் மேடம், ஓம் மேடம்' எண்டு தலையாட்டினான். சோதனைக்காரி பேனையைக் கீழ வைச்சிட்டுச் சிரிச்சா."

"உங்கட இளவரசருக்கு ஒரு நன்றிக் கார்ட் போடோணும், மச்சாள்" என்றார் அப்பா. ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கைச் சீறினார். தடிமன் பிடித்திருக்கிறது என்றார்.

"சித்தி, அவர் எப்ப ராசா ஆவார்?" என்று நான் கேட்டேன்.

"அது அவற்ற கையில இல்லை, பிள்ளை. அதுவரைக்கும் காலமை எழும்பி, வெளிக்கிட்டு, போகத்தானே வேணும்."

நான் அதை இளவரசரைப் பற்றிய தகவலாக மனதில் குறித்துக்கொண்டேன்.

சான்றிதழ் உயிர்ப்புத் திருநாளுக்குப் பிறகு வந்தது. முதியோர் இல்லத்தின் ஒப்பந்தம் அதற்குப் பிறகு. இரண்டையும் எடுத்துக்கொண்டு சித்தி நீலக் கோட்டில் மறுபடியும் அந்த அலுவலகத்துக்குப் போனார். அம்மாவும் அப்பாவும் கூடப் போனார்கள். அப்பா லீவு எடுத்து அங்கே போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. பின்னேரம் மூன்று பேரும் வந்து, கோட்டைக் கழற்றாமலே குசினியில் நின்றார்கள். படிப்பு முடியும்வரை இருக்கலாம் என்று தாளில் இருப்பதாக அப்பா இரண்டு தரம் வாசித்தார். அம்மா அதை வாங்கி, தானும் வாசித்தார்.

எனக்குச் செய்தி நேரம் வந்துவிட்டது. அகப்பையை எடுத்தேன்.

"சித்தி அவர்கள் இன்று மீண்டும் அரச அலுவலகத்துக்கு விஜயம் செய்தார். அதிகாரிகள் அவருக்குக் கைகொடுத்தனர். பின்னர்..."

"கடைசி வசனத்தை விடு, பிள்ளை" என்றார் சித்தி.

"அது இல்லாட்டிச் செய்தி முடியாது, சித்தி."

"முடியாட்டி முடியாமலே கிடக்கட்டும்."

அம்மா என்னை அதட்டவில்லை. அடுப்புப் பக்கம் திரும்பி நின்றார். எனக்குத்தான் பொல்லாத கோபம். இவ்வளவு நாளும் ஒழுங்காக வாசித்ததை, காரணமே இல்லாமல் பாதியில் நிறுத்தச் சொல்கிறார்கள். அரைகுறைச் செய்தி வாசிக்க என்னால் ஏலாது என்று சொல்லி, அகப்பையைச் சட்டிக்குள் போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.