சாமியைத் திட்ட ஓர் அறை

மருத்துவமனை மனநலப் பிரிவின் அந்த ஆலோசனை அறைக்குள் எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், சாமியைத் தவிர. அப்படி யாரும் பலகை எழுதி மாட்டவில்லை. குடியைப் பற்றி, மாமியாரைப் பற்றி, சாகத் தோன்றுவதைப் பற்றி யார் வாய் திறந்தாலும் மனநல ஆலோசகர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்பாள். சாமி என்றதும் மட்டும் பேச்சை நைசாகத் திருப்பிவிடுவாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவள் சிறுமியாக இருந்தபோது தம்பிக்குக் கடுமையான காய்ச்சல் கண்டது. அம்மா அவனை மடியில் கிடத்திக்கொண்டு சாமியைக் கூப்பிட்டபடியே இருந்தாள். மருத்துவமனைக்குத் தூக்கிப் போனபோது நேரம் கடந்திருந்தது. தம்பி பிழைத்தான், ஒரு காது மட்டும் கேட்காமல் போயிற்று. அன்றிலிருந்து அவளுக்குச் சாமி பேச்சு என்றாலே வேப்பங்காய். பிற்பாடு படிப்பில், ‘நோயாளியின் நம்பிக்கைக்குள் மூக்கை நுழைக்காதே’ என்று சொல்லிக்கொடுத்தபோது, பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி ஆயிற்று.

அவளிடம் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கு மாரடைப்பு வந்தபோது அவரே வண்டியை ஓட்டியிருக்கிறார். வழியிலேயே உயிர் பிரிந்துவிட்டது. அதன்பின் வண்டிச் சாவியைத் தொட்டாலே கை உதறியது.

“வண்டிய எடுக்குறப்பல்லாம் ‘கூட வா’ன்னு சாமிகிட்ட சொல்லிட்டுத்தான்மா எடுப்பேன். அன்னிக்கும் சொன்னேன்...”

“அது இருக்கட்டும் சார். தூக்கம் எப்படி இருக்கு?”

மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். நல்ல பிள்ளையாகச் செய்தார். அடுத்த முறையும் அவர் சாமியில் ஆரம்பித்தார், அவள் தூக்கத்தில் முடித்தாள். அதற்கடுத்த முறை அவர் வரவே இல்லை.

அதே பிரிவில் வேலை பார்க்கும் சமூகப் பணியாளருக்கு ‘ரேடியோ’ என்று பட்டப்பெயர். வாய் ஓயாது. அவள்தான் சேதி கொண்டுவந்தாள். “உங்க டிரைவர கேன்டீன்ல பாத்தேன். ஏன் வரலன்னு கேட்டா, ‘அது நல்ல பொண்ணுதான். ஆனா என் மூட்டைய வாசல்லயே வெச்சிட்டு வரச் சொல்லுதே’ங்கிறாரு.”

ஆலோசகருக்குச் சுருக்கென்று தைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே, இத்தனை வருடம் கேட்காததைக் கேட்டாள்.

“தம்பிக்குக் காய்ச்சல் வந்தப்ப ஏம்மா உடனே ஆஸ்பத்திரிக்குப் போகல? சாமி பாத்துக்கும்னா?”

அம்மா சோப்பு நுரைக் கையோடு திரும்பினாள். “யாருடி சொன்னா? பயம்டி எனக்கு. டாக்டர் என்ன சொல்லிடுவாரோன்னு உதறல். உங்கப்பாவும் ஊர்ல இல்ல. பயத்தோட தனியா உக்கார முடியாமத்தான் சாமியக் கூப்பிட்டேன். கூப்பிடக் கூப்பிடக் கொஞ்சம் தெம்பு வந்துச்சு. அப்பதான் அவனத் தூக்கிட்டு ஓடினேன்.”

அம்மாவின் காலைக் கட்டிப்போட்டது பிரார்த்தனை என்றே மகள் நினைத்திருந்தாள். அம்மாவோ, எழுப்பிவிட்டதே அதுதான் என்கிறாள். பாதி நம்பினாள், பாதி நம்பவில்லை. ஆனால் கேட்காமலே தீர்ப்பு எழுதிவிட்டோம் என்பது உறைத்தது.

மறுநாள் ஓட்டுநரை அவளே தொலைபேசியில் அழைத்தாள். வந்தார்.

“சார், எனக்கு சாமி நம்பிக்கை கிடையாது. அதனால நீங்க அந்தப் பேச்ச எடுக்குறப்பல்லாம் தட்டிக் கழிச்சேன். தப்பு என்னோடதுதான். ‘கூட வா’ன்னு சொன்னேன்னீங்களே, மேல சொல்லுங்க.”

“வரலியேம்மா! ஊரான் வீட்டு ஆளுங்களுக்கெல்லாம் வந்துச்சு, என் வீட்டுக்காரிக்கு வரல. ஏன்னு கேக்கணும். கேட்டா பாவம்னு வாய மூடிக்கிட்டிருக்கேன்.”

“இங்க கேளுங்க.”

“இங்கயா?”

“சுவரு கெட்டி, சார்.”

சிரித்துவிட்டார். பிறகு, காலியாகக் கிடந்த நாற்காலியைப் பார்த்து மெல்ல ஆரம்பித்தவர் குரலை உயர்த்தினார். நன்றி கெட்டவன் என்றார், காது செத்தவன் என்றார். வராந்தாவில் போன ரேடியோகூட வாயடைத்து நின்றாளாம். திட்டி ஓய்ந்ததும், மனைவி போனபின் முதன்முறையாக, வாய்விட்டு அழுதார்.

சாமிக்கு ஏதோ கணக்கு இருக்கும் என்று அவள் சமாதானம் சொல்லவில்லை. சாமியே இல்லை என்றும் சொல்லவில்லை. “அந்த நாற்காலியிலேருந்து ஏதாவது பதில் வருதா, சார்?” என்று மட்டும் கேட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். “பதில் ஒண்ணும் வரல. ஆனா இவ்வளவு திட்டியும் எழுந்து போயிடலம்மா.”

அன்றிரவு நன்றாகத் தூங்கியதாக அடுத்த வாரம் அவரே சொன்னார். முதலில் நிறுத்தி வைத்த வண்டியில் சும்மா உட்கார்ந்தார். பிறகு அவளைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு மருத்துவமனை வளாகத்தைச் சுற்றினார். கடைசியில் சாலைக்கே வந்துவிட்டார். நடுக்கம் அடியோடு போகவில்லை. ஆனால் ஓட்டுவதற்குத் தடையாக இல்லை.

“சாமியோட சமாதானம் ஆயிடுச்சா, சார்?”

“அதெங்க! பேச்சுவார்த்தை நடக்குது.”

அவளுக்கு இன்றைக்கும் நம்பிக்கை வந்துவிடவில்லை. ஆனால் புதிதாக வருகிற எல்லோரிடமும், கஷ்டத்தில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள் என்று முதல் நாளே கேட்டுவிடுகிறாள். ஒருவர் பிரார்த்தனை என்பார், ஒருவர் மகள் என்பார். போன வாரம் வந்த தையல்காரர், “சாமியாவது பூதமாவது! சாயங்காலம் ஆத்தோரமா தனியா நடப்பேன், அவ்வளவுதான்” என்றார்.

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். “நடக்கும்போது மனசுல என்ன ஓடும்? சொல்லுங்க, கேக்குறேன்.”