கயிற்றின் கடைசியில் சுகந்தி

என் மனைவி சுகந்தியின் மேல் எனக்குப் பொறாமை. சபைக்கு முன்னால் அதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். இந்தப் பொறாமையைச் சுமந்துகொண்டு ஓர் எரிமலையில் ஏறி, உயிர் போகிற இடம்வரை போய், கர்த்தருடைய கிருபையால் திரும்பி வந்திருக்கிறேன்.

கல்லூரியில் நான் ஓட்டக்காரன். வாங்கிய மெடல்கள் இன்னும் மேற்கு மாம்பலம் வீட்டு ஷோகேஸில் இருக்கின்றன. கல்யாணமான புதிதில் பாண்டி பஜாரில் நடக்கும்போது, "மெதுவா போங்க" என்று பின்னாலிருந்து கெஞ்சியவள் சுகந்தி. ஐம்பதை நெருங்கும் வயதில் அவளுக்கு என்ன வந்ததோ, பத்து கிலோ அரிசியை முதுகுப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் அபார்ட்மெண்ட் படிகளில் ஏறி இறங்க ஆரம்பித்தாள். அவள் தம்பி ஜோயல் தென் அமெரிக்காவில், சிலி நாட்டில் வேலை பார்க்கிறான். அங்கே ஆண்டிஸ் மலையில் வியாரிக்கா என்று ஓர் எரிமலை இருக்கிறது. இன்னும் புகைகிற எரிமலை. "வாக்கா, ஏறலாம்" என்று அவன் விளையாட்டாகச் சொன்னதை இவள் பிடித்துக்கொண்டாள். அதற்குத்தான் இந்த அரிசிப் பயிற்சி.

நானும் படி ஏறிப் பார்த்தேன். கீழே அயர்ன் வண்டி வைத்திருப்பவர் சிரித்தார். "அக்கா இன்னா ஸ்பீடா ஏறுது சார். நீங்க ரெண்டு மாடிக்கே மூச்சு வாங்கிக்கினு கீறீங்க." அன்று முழுக்க நான் சுகந்தியோடு சரியாகப் பேசவில்லை. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை.

போன டிசம்பரில் போனோம். மலையடிவாரத்து ஊரில் எரிமலைக்கென்றே ஒரு சிக்னல் விளக்கு வைத்திருக்கிறார்கள். பச்சை எரிந்தால் ஏறலாம். அன்று பச்சைதான். ஆனாலும் உச்சியில் புகையைப் பார்த்ததும் விளக்கை இன்னொரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். இவளோ தி.நகருக்குப் புடவை எடுக்கப் போகிறவள் மாதிரி குஷியாக இருந்தாள்.

மலைக்குப் போகும் வண்டியில் கண்ணை மூடி ஜெபித்தேன். "ஆண்டவரே, சுகந்தியின் பலத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். நோய் நொடி வேண்டாம். என் அளவுக்கு இறங்கினால் போதும்." அவளும் மூச்சு வாங்கி உட்காருவாள், 'பரவாயில்லை, உனக்காக நிற்கிறேன்' என்று நான் பெருந்தன்மையாகச் சொல்லலாம். அதுதான் என் ஆசை. உருகி உருகி ஜெபித்தேன். அவளோ ஏற ஏற இன்னும் தெம்பாகிக்கொண்டே போனாள். கர்த்தர் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

ஜோயலுக்கு முழங்கால் சரியில்லை. பனி தொடங்கும் இடம்வரைதான் வந்தான். அங்கே எங்களோடு வந்த வழிகாட்டி எங்கள் பூட்ஸுக்கு அடியில் இரும்பு முட்களை மாட்டி, ஆளுக்கொரு பனிக்கோடரி கொடுத்து, எங்களை ஒரே கயிற்றில் கட்டினார். முதலில் அவர், அடுத்து நான், கடைசியில் சுகந்தி. அவருக்கு அடுத்த இடம் என்றதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தவுடனே ஓட்டக்காரன் என்று கண்டுபிடித்துவிட்டாரே என்று நினைத்தேன்.

"அப்படி இல்ல மாமா," என்றான் ஜோயல். "பலம் கம்மியா இருக்கறவங்களத்தான் தன் பக்கத்துல கட்டுவாராம். யாராவது வழுக்கினா கடைசில இருக்கறவங்க தாங்கணும். அதான் அக்காவ அங்க வச்சிருக்காரு."

சுகந்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அந்தச் சிரிப்பு என்னை விடாமல் குத்திக்கொண்டே வந்தது.

மேலே ஒரு சரிவைக் குறுக்காகக் கடக்கவேண்டும். ஒவ்வோர் அடியையும் உதைத்து ஊன்றும்படி வழிகாட்டி செய்து காட்டியிருந்தார். எனக்கு மூச்சே வரவில்லை. பின்னால் இவள் மெல்லிய குரலில் ஞானப்பாட்டு பாடிக்கொண்டு வருகிறாள். அந்தக் கடுப்பில் இரண்டு எட்டு வேகமாக வைத்தேன். கால் வழுக்கியது.

கோடரி கையைவிட்டுப் போனது. இழுத்த இழுப்பில் வழிகாட்டியும் விழுந்தார். கீழே கறுப்புப் பாறைகள். செத்தேன் என்றே நினைத்தேன். "கர்த்தாவே" என்ற ஒரு வார்த்தைதான் வாயில் வந்தது. கயிறு வெடுக்கென்று இழுத்து நின்றது.

தலையைத் தூக்கிப் பார்த்தேன். சுகந்தி பனியில் குப்புற விழுந்து, கோடரியைக் குத்தி, உடம்பு முழுவதையும் அதன்மேல் அழுத்திக் கிடந்தாள்.

"பயப்படாதீங்க, புடிச்சிருக்கேன்," என்றாள். "கால உதைச்சு ஊனுங்க. மெதுவா."

அங்கேயே எனக்குப் புரிந்தது. காலையில் நான் கேட்டதைக் கர்த்தர் கொடுத்திருந்தால், கயிற்றின் கடைசியில் என்னைப்போல் ஒருத்திதான் நின்றிருப்பாள். மூன்று பேரும் அந்தப் பாறைகளில் கிடந்திருப்போம். 'கர்த்தாவே' என்ற என் ஒரு வார்த்தை ஜெபத்துக்குப் பதில் தருவதற்காக, அதற்கு முந்தின ஜெபத்தை அவர் தள்ளிவைத்திருக்கிறார்.

அதற்கு மேல் ஏற என்னால் முடியவில்லை. இறங்கி வந்த வேறொரு குழுவோடு என்னை அனுப்ப வழிகாட்டி ஏற்பாடு செய்தார். "நானும் வர்றேன்" என்றாள் சுகந்தி. "வேணாம். நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அவள் முதுகு மேலே மேலே போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே ஜெபித்தேன். "ஆண்டவரே, அவளுக்கு இன்னும் பலம் கொடும்." கல்யாணமானதிலிருந்து நான் அப்படி ஜெபித்தது அதுதான் முதல் தடவை. ஜெபித்து முடித்ததும் அழுகை வந்துவிட்டது.

புகையில் கண் சிவந்து அவள் இறங்கி வந்தாள். "உள்ள நெருப்பு மூச்சு விடுதுங்க" என்று ஆரம்பித்தவள் ஊர் வந்து சேரும்வரை பேசினாள். நான் குறுக்கே பேசாமல் கேட்டேன். அவளைப் பொறுத்தவரை அந்தப் பயணத்தில் நடந்த பெரிய அற்புதம் அதுதானாம்.

பொறாமை அடியோடு போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். அது தலை தூக்கும்போதெல்லாம் அவள் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். காலையில் அவள் பின்னாலேயே படி ஏறுகிறேன், முதுகில் ஐந்து கிலோ அரிசியோடு. நான் உயிரோடு நிற்பதற்காக என் தேவனுக்கு நன்றி.

உங்களுக்கும் யாரையாவது பார்த்தால் மனம் எரிகிறதா? அவர்களைக் குறைக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். இன்னும் உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள், கர்த்தரை நம்பிக் கேளுங்கள். நாம் வழுக்கும் நாளில் கயிற்றின் கடைசியில் யாரை நிறுத்தியிருக்கிறார் என்பது அவருக்குத்தான் தெரியும்.