அமாவாசை தெரியாத சராசரி

நான் கணக்கில் பட்டம் வாங்கியவள். பெருமைக்குச் சொல்லவில்லை, எரிச்சலில் சொல்கிறேன். எழுபதுகளின் கடைசியில் வேலூரிலிருந்து ஆரணிக்கு, ஒரு பேக்கரி வீட்டுக்கு மருமகளாக வந்தேன். வந்த நாள் முதல் அந்த வீட்டில் நான் கேட்ட ஒரே எண் இருபது. தினமும் இருபது கிலோ மைதா, ஏறக்குறைய நானூறு பன். மழை கொட்டினாலும் இருபது, ஊரே காய்ச்சலில் படுத்தாலும் இருபது. ஏன் என்று கேட்டால் என் மாமியார் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

"அலமாரி காலியா இருக்கக் கூடாதும்மா. வந்தவங்ககிட்ட இல்லைன்னு சொன்னா கடை விளங்குமா?"

விளங்கிய லட்சணம் எனக்குத்தானே தெரியும். டீக்கடைகளிலிருந்து கூடை கூடையாகப் பன் திரும்பி வரும். காலையில் பன், மதியம் பன், வறுத்த பன், தாளித்த பன். தாளித்த பன்னைச் சாப்பிட்டிருக்கிறீர்களா? வேண்டாம், சாப்பிடாதீர்கள்.

தின்று தொலைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்த இருபது கிலோவையும் மரத்தொட்டியில் போட்டுக் கையால் பிசைந்தவர் என் கணவர். கூலிக்கு வந்தவர்கள் இரண்டு மாதம் தாங்கமாட்டார்கள், சொல்லாமல் கொள்ளாமல் பெங்களூருக்குப் போய்விடுவார்கள். அவருடைய வலது தோள் அப்போதே மக்கர் செய்ய ஆரம்பித்திருந்தது. சட்டை மாட்டவே முகம் சுளிப்பார். டாக்டர் பார்த்துவிட்டு, பிசைவதைக் குறைக்காவிட்டால் அந்தக் கை மேலே தூக்கவே வராது என்று நேராகச் சொல்லிவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, "ஒண்ணுமில்ல, சுளுக்குதான்" என்றார். அட ராமா!

வாயால் சொல்லிப் பயனில்லை, எண்ணால் சொல்வோம் என்று இறங்கினேன். தினசரி நாள்காட்டியில் கிழிக்கும் தாளின் பின்பக்கத்தில் அன்றைக்கு எத்தனை பன் விற்றது என்று எழுதினேன். எண்ணிச் சொல்வது மாமியார், எழுதுவது நான். பன்னிரண்டு வாரம் சேர்த்தேன். திங்கள், செவ்வாய் என்று கிழமைவாரியாகப் பிரித்துச் சராசரி எடுத்தேன். எல்லாக் கிழமையும் இருநூற்று எண்பதைச் சுற்றியே நின்றது. ஆறு தாள்கள் மட்டும் அடங்கவில்லை. மூன்றில் நானூறும் தீர்ந்திருந்தது, மூன்றில் அறுபதுகூட விற்கவில்லை. மாமியார் யாரோடோ பேசிகினே எண்ணியிருப்பார், தப்பாகச் சொல்லியிருப்பார் என்று அந்த ஆறையும் அடித்துவிட்டேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"பதினைஞ்சு கிலோ போதும்" என்றேன். மூன்று நாள் சண்டை. கடைசியில் மாமியார், "செய்ங்க, என்னமோ செய்ங்க, ஆளை விடுங்க" என்று கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த இருபத்தாறு நாளும் கணக்கு அச்சாக நின்றது. கூடையில் பத்து இருபது பன் திரும்பினால் அதிகம். தினம் ஐந்து கிலோ வீதம் நூற்று முப்பது கிலோ மாவு உங்கள் தோளுக்கு மிச்சம் என்று என் கணவரிடம் கணக்குப் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்தார். தானாகவே சட்டை போட்டுக்கொள்ள ஆரம்பித்தார். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

இருபத்தேழாம் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பத்து மணிக்கே அலமாரி துடைத்துவிட்டது போல் ஆகிவிட்டது. பக்கத்து முள்ளிப்பட்டிலிருந்து நெய்த சேலையைக் கொண்டுவந்த தறிக்காரர்கள் பிள்ளைகளுக்கு வாங்கப் பையோடு வாசலில் நிற்கிறார்கள். மாமியார் தன் வாழ்நாளில் முதன்முறையாக "இல்லைங்க" என்று சொல்ல வாயெடுத்தார், வரவில்லை. உள்ளே திரும்பி மகனைப் பார்த்து, "ஜல்தியா இன்னொரு ஈடு போடுடா" என்று கத்தினார்.

நான் தடுத்தேன். கேட்டால்தானே? காலையில் பதினைந்து கிலோ பிசைந்த கையால் மேலும் பத்துக் கிலோவைக் கொட்டிக்கொண்டு அவசர அவசரமாகக் குத்தினார். பாதியில் ஒரு சத்தம் போட்டார். தொட்டியில் கை அப்படியே நின்றுவிட்டது. நானும் மாமியாரும் சேர்ந்துதான் அதை வெளியே எடுத்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து கட்டோடு திரும்பியதும் நான் மாமியாரிடம் பாய்ந்தேன். "இன்னிக்கு மட்டும் எங்கிருந்துங்க வந்தாங்க இத்தனை பேரு?"

"நாளைக்கு அமாவாசை இல்ல? தறி நிக்கும். அதுக்கு முன்ன நாள்தானே எல்லாரும் சேலையைக் கொடுத்துட்டுக் கூலி வாங்குவாங்க. நாளைக்கு டீக்கடையே பாதி திறக்காது."

"இதை ஏன் அத்தை எங்கிட்ட சொல்லலை?"

"ஊருக்கே தெரிஞ்சதை உனக்குத் தனியா வேற சொல்லணுமா?"

ஓடிப்போய் நான் அடித்த ஆறு தாள்களையும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: அமாவாசை. மூன்று தாளில் அது, மற்ற மூன்றும் அதற்கு முந்தைய நாள். தறி ஊரான ஆரணிக்கு லீவு நாள் வானத்து நிலாவைப் பார்த்து வருகிறது, நான் கிழமையைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன். மாமியார் ஒரு பன்கூடத் தப்பாக எண்ணவில்லை. அவர் சொன்னதை நம்பியிருந்தால் போதும், இல்லை, ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். என் மேலேயே எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது.

மாமியார் என்னைத் திட்டவில்லை. மகனின் கட்டுப் போட்ட கைக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டு, "நாளைக்கு எவ்ளோ போடலாம், சொல்லு" என்றார்.

"மூணு கிலோ."

"சரி. யாரு பிசையறது?"

அவர் கேட்டது வெறும் கேள்விதான், குத்தல் இல்லை. ஆனால் எனக்குச் சுருக்கென்றது. பன்னிரண்டு வாரம் உட்கார்ந்து கூட்டினேன், கழித்தேன், வகுத்தேன். அந்தத் தோளிலிருந்து எத்தனை கிலோ குறைக்கலாம் என்று மட்டுமே பார்த்தேன். நான் பாதியைப் பிசையலாம் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை.