‘இல்லை’ என்று நான் எழுதிய கட்டம்

முப்பது வருடத்துக்கு மேல் கல்வித் துறை அலுவலகம் ஒன்றில் கோப்பு பார்த்தவன் நான். மாற்றுத்திறன் குழந்தைகள் சம்பந்தப்பட்ட கோப்பெல்லாம் என் மேஜை வழியாகத்தான் போகும். அடையாள அட்டை, உதவித்தொகை, சக்கர நாற்காலி என்று எதற்கு எதை இணைக்க வேண்டும், யார் கையெழுத்து, எத்தனை நகல் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். அந்தக் குழந்தைகளில் ஒருவரைக்கூட நான் தொட்டதில்லை. எந்த விதியும் என்னைத் தொடச் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றபின் ஆறு மாதம் ஆலங்காயத்து வீட்டில் செய்தித்தாளின் எழுத்துப் பிழைகளை அடிக்கோடிட்டுக் கொண்டிருந்தேன். மனைவி பேனாவை ஒளித்து வைக்க ஆரம்பித்த சமயத்தில், புதூர்நாடு பக்கம் மலைமேல் சிறப்புக் குழந்தைகளுக்கான பள்ளி ஒன்றில் ஆள் தேவை என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். “பேப்பர் வேலைதான் சார், உங்களுக்குக் கைவந்தது” என்றார். நம்பிப் போனேன். பேப்பர் வேலை காலையில் ஒரு மணி நேரம், மற்ற நேரமெல்லாம் குழந்தைகளுக்கு உதவியாள் என்று அங்கே போனபிறகு ஆசிரியை சொன்னார். அவருக்கு என் மகள் வயதுகூட இருக்காது.

“மூணு மாசம் பார்ப்போம் சார். பிடிக்கலைன்னா தாராளமா சொல்லிடுங்க.”

யாருக்குப் பிடிக்கவில்லை என்றால் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு, பதினொரு குழந்தைகள். முதல் நாள் ஒரு பெண் குழந்தைக்குச் சாமைச் சோறு ஊட்டச் சொன்னார்கள். அவளுக்குக் கழுத்து நிற்காது. முகவாயைச் சற்றுக் கீழே தாழ்த்தி, ஒரு வாய் விழுங்கியது தெரிந்தபிறகே அடுத்த வாய். சமையல் செய்யும் மலைக்காரப் பெண்மணி என் கையைப் பார்த்துவிட்டு, “இன்னா சாரு, கரண்டி இந்த ஆட்டம் ஆடுது? அவ உங்கள கடிச்சிட மாட்டா” என்றார். குழந்தைக்குப் புரை ஏறி என் கையிலேயே ஏதாவது ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அன்று நான் மதியச் சாப்பாடு சாப்பிடவில்லை.

இரண்டாம் நாள் காலை, எனக்குத் தெரிந்த ஒரே வேலையை நான் செய்துகொண்டிருந்தபோதுதான் அந்தத் தவறு நடந்தது.

ஒரு தாய் தன் ஒன்பது வயது மகளைச் சேர்க்க வந்திருந்தார். புளி உலுக்கும் காலம். புளியம்பழ ஓடு தட்டித் தட்டி அவர் விரல்கள் பழுப்பேறியிருந்தன. மகளுக்கு அதிகம் பேச்சில்லை. என் மேஜைமேல் இருந்த கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். நான் விண்ணப்பத்தை நிரப்பினேன். ‘வலிப்பு உண்டா’ என்ற கட்டம் வந்தது. கேட்டேன்.

தாய் சற்று யோசித்தார். “எப்பவாச்சும் மயக்கமாட்டம் வரும் சாரு. கண்ணு மேல போயிடும். அப்புறம் தூங்கிடுவா.”

உண்டு என்று எழுதினால் டாக்டர் சான்று, மருந்துச் சீட்டு, அவசரத்துக்கு என்ன செய்ய வேண்டும் என்று டாக்டர் எழுதிய குறிப்பு எல்லாம் இணைக்க வேண்டும். அது வரும்வரை குழந்தை பள்ளி ஜீப்பில் ஏறக்கூடாது. திருப்பத்தூருக்கு இறங்க ஒரு நாள் போகும். டாக்டர் இல்லாவிட்டால் இன்னொரு நாளும் போகும். இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் முகம் வாடியது.

“புளி கீழ விழுந்து கெடக்குது சாரு. ஆளு இல்ல.”

“எப்பவாவது வர்ற மயக்கம்தானே? ‘இல்லை’ன்னு போட்டுடறேன். பின்னால பாத்துக்கலாம்.”

“நீங்க படிச்சவரு. உங்களுக்குத் தெரியாததா?”

எழுதினேன். என் கையெழுத்து அழகானது என்று பல அதிகாரிகள் பாராட்டியிருக்கிறார்கள். அதன் கீழே அவர் பெருவிரல் ரேகையை வைத்தார். ஒரு தாய்க்கு இரண்டு நாள் அலைச்சலை மிச்சப்படுத்திவிட்டோம் என்று எனக்கு அன்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்தப் பெருமை மாலை நான்கு மணி வரை இருந்தது. நான்கு மணிக்கு ஆசிரியை என்னைச் சுவர்ப் பக்கம் அழைத்துப் போனார். அங்கே ஒட்டியிருந்த தாளில் சிவப்புப் பொட்டு வைத்த இரண்டு பெயர்கள் இருந்தன. வலிப்பு வரும் குழந்தைகள். வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். வாயில் எதையும் வைக்கக் கூடாது, கை காலை அமுக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் மூக்கில் மருந்து அடிக்க வேண்டும். அலமாரியில் இரண்டு மருந்துப் புட்டிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையின் பெயர்.

“அந்தந்தக் குழந்தையோட எடைக்கு டாக்டர் எழுதினது சார். ஒருத்தரோடத இன்னொருத்தருக்கு அடிக்கக் கூடாது. இங்க போன் எடுக்காது. அந்தப் பாறை மேல ஏறினாத்தான் ஆம்புலன்ஸுக்குப் பேச முடியும். அது வந்து சேர ஒரு மணி நேரம் ஆகும்.”

தலையாட்டினேன். மூன்றாவது புட்டி அங்கே ஏன் இல்லை என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதே சொல்லியிருக்கலாம். எழுதியதைத் திருத்துவது எப்படி என்று எனக்குத் தெரியாதா? ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், தேதி. எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக் கொடுத்தது. ஆனால் ஏன் அப்படி எழுதினீர்கள் என்று கேட்பார்கள். மூன்றாம் நாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சொன்னால் சான்று வரும்வரை குழந்தை வீட்டில்தானே இருக்க வேண்டும், அந்தத் தாய் பாவம் இல்லையா என்றும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்கு அந்தத் தாயின் பெயரை வைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் அந்தச் சிறுமியையே பார்த்துக்கொண்டிருந்தேன். புளியங்கொட்டைகளை ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் போடுவது அவளுக்குக் கொடுத்திருந்த பயிற்சி. அவள் கை பாட்டிலுக்குமேல் ஒரு கணம் நின்றால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவேன். எண்ணுவேன். மூன்று, நான்கு. கொட்டை விழும் சத்தம் கேட்கும். மூச்சு விடுவேன். ஒரு கொட்டையை அவள் வாயருகே கொண்டு போனால் பாய்ந்து போய்ப் பிடுங்குவேன். அவள் என்னைக் கண்டாலே பாட்டிலை மடியில் மறைக்கத் தொடங்கினாள். வேறு குழந்தைகளை என்னிடம் விட்டால் கழுத்தை ஒடித்து ஒடித்து அவள் பக்கமே பார்ப்பேன்.

“சாருக்கு அந்தப் பாப்பான்னா உசுரு” என்றார் சமையற்காரப் பெண்மணி. ஜீப்காரரிடமும் அதையே சொல்லியிருந்தார். நான் மறுக்கவில்லை.

ஒரு வியாழக்கிழமை பகல் பதினோரு மணி இருக்கும். ஒரு குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆசிரியை ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார். நானும் சமையற்காரப் பெண்மணியும்தான் இருந்தோம். அந்தச் சிறுமியின் கை பாட்டிலுக்குமேல் நின்றது. மூன்று, நான்கு, ஐந்து. கொட்டை பாட்டிலில் விழாமல் தரையில் உருண்டது. அவள் பாயில் சரிந்தாள். உடம்பு கட்டை போல விறைத்து, பிறகு வெட்டி வெட்டி இழுத்தது.

ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். வாயில் கொட்டை எதுவும் இல்லை என்று பார்த்தேன். தலைக்குக் கீழே என் துண்டை வைத்தேன். கடிகாரத்தைப் பார்த்தேன். அவள் உதடு நீலமாயிற்று. முள் நகரவே இல்லை.

சமையற்காரப் பெண்மணி ஓடிப்போய்ச் சாமான் அறையின் பெரிய இரும்புச் சாவியோடு வந்தார். “கையில குடுங்க சாரு. இரும்பு பட்டா நின்னுடும்.”

“அதெல்லாம் கூடாதும்மா.”

வலிப்பு வந்தால் இரும்பு கொடுக்காதீர்கள், அதனால் பயனில்லை என்று எல்லாப் பள்ளிகளுக்கும் போன சுற்றறிக்கையை அனுப்பியவன் நான். ஒன்றரை நிமிடம். இரண்டு. பாறைக்கு ஓடினால் இவளை விட்டுப் போக வேண்டும். அலமாரியில் இருந்த இரண்டு புட்டிகளும் இவளுடையவை அல்ல. மற்றக் குழந்தைகளில் ஒருத்தி அழ ஆரம்பித்தாள். மூன்று நிமிடம்.

“குடுங்க” என்றேன். சாவியை வாங்கி நானே அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டேன்.

நான்காவது நிமிடத்தில் இழுப்பு தளர்ந்தது. நீண்ட மூச்சு ஒன்று வந்தது. தூங்கிப் போனாள்.

“பாத்தீங்களா” என்றார் அந்தப் பெண்மணி. அவரோடு வாதாடும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஆசிரியை திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டதும் முதலில் குழந்தையைப் பார்த்தார், பிறகு கோப்பைப் பார்த்தார். தாய்க்கு ஆள் போயிற்று. அவர் புளித் தூசி அப்பிய சேலையோடு ஓடி வந்து மகளின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

“ஏம்மா மறைச்சே?” என்று ஆசிரியை கேட்டார். குரல் உயரவில்லை, ஆனால் நடுங்கியது. “இல்லைன்னு ரேகை வெச்சிருக்கியே. பொய் சொல்லிச் சேத்தா நாங்க எப்படிப் பாத்துக்கறது? ஏதாச்சும் ஆயிருந்தா? இனிமே இவளை இங்க எப்படி வெச்சிக்கறது சொல்லு.”

தாய் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்துகொண்டார்.

“தெரியாம வெச்சிட்டேன் டீச்சர். மன்னிச்சிக்குங்க. புள்ளய நிறுத்திடாதீங்க.”

என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. என்மேல் மரியாதையா, என்னைப் பகைத்துக்கொண்டால் மகளுக்குக் கெடுதல் என்ற பயமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பயம் என்றுதான் நினைக்கிறேன். அலுவலக ஜன்னலுக்கு வெளியே அந்தக் குனிவை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அது எதனால் என்று யோசித்ததில்லை.

“அவங்க சொன்னாங்க” என்றேன். “மயக்கம் வரும்னு சொன்னாங்க. நான்தான் இல்லைன்னு எழுதினேன். சான்றுக்கு அலையணுமேன்னு.”

ஆசிரியை கோப்பை மூடினார். “மூணு வாரமா தெரியுமா சார்?”

“தெரியும்.”

“நாளைக்கு நீங்களே இவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வாங்க. நீங்க இங்க இருக்கலாமா வேணாமான்னு அப்புறம் பேசிக்கலாம். அதுவரைக்கும் குழந்தைங்க கிட்ட போகாதீங்க.”

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருப்பத்தூருக்கு இறங்கினோம். ஒவ்வொரு வளைவிலும் குழந்தையின் கண்ணையே பார்த்துக்கொண்டு வந்தேன். ஆஸ்பத்திரியில் எந்தச் சீட்டு எந்த ஜன்னலில் என்று எனக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டோம்.

டாக்டர் கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன், தாய் சொன்னார். மூன்று வயதிலிருந்து வருகிறது. மாதத்துக்கு இரண்டு. ஒரு முறை அடுப்புப் பக்கம் விழுந்தாள், தோளில் தழும்பு. ஒரு முறை கிணற்று மேட்டில், பெரியம்மா மகன் பிடித்துக்கொண்டான். டாக்டர் கேட்கக் கேட்க அவர் சொல்லிக்கொண்டே போனார். இத்தனையையும் அன்று என் மேஜை முன்னாலேயே சொல்லியிருப்பார். நான் ஒரு கேள்வியோடு நிறுத்திக்கொண்டேன்.

டாக்டர் தினசரி மாத்திரை எழுதினார், மூக்கில் அடிக்கும் மருந்தும் எழுதினார். காலிப் புட்டி ஒன்றை எடுத்து எப்படி அடிப்பது என்று காட்டினார். “பள்ளிக்கூடத்துல யார் அடிப்பாங்க?”

தாய் என் பக்கம் திரும்பினார். பள்ளியில் நான் இருப்பேனா என்பதே தெரியாது. இருந்தும் கையை நீட்டிப் புட்டியை வாங்கினேன். விரல் மாறி அழுந்தியது.

“பயமா இருக்கா?” என்றார் டாக்டர்.

“இருக்குங்க.”

“இருக்கட்டும். இன்னொரு தடவை செஞ்சு காட்டுங்க.”