கரை வேட்டிக்கு இடமில்லாத தேர்

போன எம்.பி. தேர்தல் சமயம். பங்குனித் திருவிழாவுக்காகத் தில்லியிலிருந்து விருதுநகர் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்கு, கல்லூரியில் படிக்கும் மகளையும் அழைத்துக்கொண்டு போயிருந்தேன்.

தில்லியில், ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் எங்கள் எதிர்வீட்டுப் பெண்மணி வடக்கே பிறந்தவர். தேர்தல் வந்தால் எல்லா ஊரிலும் சாமியும் சேர்ந்து பிரசாரத்துக்குக் கிளம்பிவிடும், உங்கள் ஊர் மட்டும் என்ன உசத்தியா என்று என்னைச் சீண்டுவார். எங்கள் அம்மன் தேரைக் கட்சிக்காரராக யாரும் தொட முடியாது என்று நானும் ஜம்பமாகச் சொல்லி வைத்திருந்தேன்.

சொன்னது பொய்யில்லை. முன்பு ஒரு தேர்தல் வருஷம், வடத்தை முன்னால் பிடிப்பது யார் என்று இரண்டு கட்சிக்காரர்கள் அடித்துக்கொண்டதில் தேர் நடுத்தெருவில் நின்றுபோனதாம். அன்றிலிருந்து கட்சிக் கரை போட்ட வேட்டியோடு யாரும் வடம் தொடக் கூடாது. மாற்றிக்கொள்வதற்கென்றே கோயில் மண்டபத்தில் வெள்ளை வேட்டிகள் அடுக்கியிருக்கும். என் அண்ணன் தூங்கும்போதுகூடக் கரை வேட்டி கட்டுகிற ஆள். அவரும் தேரன்று வெள்ளை வேட்டிதான்.

நாங்கள் போயிருந்த வருஷம் வடத்தருகே அண்ணன்தான் பொறுப்பு. தேர் கிளம்பும் நேரம் பார்த்து அவர் கட்சி வேட்பாளரே வந்து இறங்கினார். பளபளவென்று கரை வேட்டி, பின்னால் கேமராக்கள். அண்ணன் வெகுநாளாக ஆசைப்பட்ட நகரச் செயலாளர் பதவி இவர் வாய்ச்சொல்லில்தான் இருந்தது.

அண்ணன் குறுக்கே போய்க் கும்பிட்டு நின்றார்.

"அண்ணாச்சி, வேட்டிய மட்டும் மாத்திக்கிடுங்க. மண்டபத்துல இருக்கு."

"ஒரு போட்டோதானப்பா. ரெண்டு நிமிஷம்."

"ஒரு நிமிஷம்னாலும் மாத்தணும் அண்ணாச்சி. நானே மாத்திட்டுத்தான நிக்கேன்."

மேளம் நின்றுவிட்டது. "மம்மி, மாமாவ ஜல்தி கூப்பிடு, சண்டை ஆகப்போகுது" என்று மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். வேட்பாளர் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். திரும்பிப் போய்க் காரில் ஏறிக்கொண்டார். கேமராக்களும் போயின. அதன் பிறகு தேர் நகர்ந்தது.

"வருசம் பூரா போஸ்டர் ஒட்டுனதெல்லாம் போச்சு" என்று அண்ணி புலம்பித் தீர்த்தார். ஆனாலும் அன்று மதியம் அவர் பரிமாறியபோது அண்ணன் இலையில்தான் முதல் வடை விழுந்தது.

மறுநாள் காலையில் பார்த்தால், அண்ணன் கரை வேட்டியைக் கட்டிக்கொண்டு அதே வேட்பாளருக்கு ஓட்டுக் கேட்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்! எனக்குப் பொறுக்கவில்லை. "மூஞ்சியத் திருப்பிட்டுப் போன ஆளுக்கா?" என்று கேட்டேன்.

"அவரு என் கட்சி தாயி, நான் கேக்காம யாரு கேப்பா? தேரு ஊருக்குப் பொது. ரெண்டையும் ஏன் போட்டுக் குழப்புத?" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினார்.

பதவி வேறொருவருக்குப் போய்விட்டது. தில்லி திரும்பியதும் எதிர்வீட்டுப் பெண்மணியிடம் என் மகள்தான் முந்திக்கொண்டு, இந்தியில், மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில் உன் மாமா கட்சியில் என்னதான் ஆனார் என்று அவர் கேட்டார். ஒன்றும் ஆகவில்லை என்று நான் பதில் சொன்னேன். ஒன்றும் ஆகாமல் போன அண்ணனை நினைத்து இவ்வளவு கர்வப்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.