அறுக்குளா என்று வந்த மீன்

மலிவான கட்டா மீனை, விலைகூடிய அறுக்குளா என்று சொல்லி யாழ்ப்பாணப் பட்டினத்தில் எத்தனையோ பேருக்குப் போடலாம். தொண்டைமானாற்றுப் பிள்ளைக்குப் போட முடியாது. அறுக்குளா வெந்தால் ஏடு ஏடாகப் பிரியும். கட்டா நார் நாராகக் கிழியும். இதைப் படிப்பிக்க எங்கள் கடற்கரை ஊரில் பள்ளிக்கூடம் வேண்டியதில்லை. எனக்கு அப்போது பத்து வயது. வாயில் பட்டதைச் சொன்னேன். அதற்காக ஒரு மேசைக்கு முன்னால் என் தகப்பனாரே என்னைக் கைவிட்டார் என்ற கோபம் எனக்கு வெகுகாலம் இருந்தது.

அப்பு என்று நான் கூப்பிட்ட தகப்பனார் ஒரு தண்டையல். பாய்க்கப்பலையும் அதிலுள்ள ஆட்களையும் கரைசேர்க்கும் பொறுப்புள்ளவரை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் கொண்டுவந்தவர். நீராவிக் கப்பல்கள் சரக்கையெல்லாம் பறித்துக்கொள்ளத் தொடங்கியதும், அவர் ஓட்டிய கப்பலை உடைமைக்காரர் விற்றுவிட்டார். இரண்டு வருடம் அப்பு கரையில் இருந்தார். கரையில் இருக்கும் தண்டையல் வீட்டில் கண்டதையெல்லாம் திருத்துவார். கிணற்றுக் கயிறு, கோழிக்கூடு, வாசல் படலை எதுவும் தப்பவில்லை. நன்றாக இருந்த வேலியைப் பிரித்துப் பிரித்துக் கட்டினார்.

அந்த நேரத்தில்தான் பட்டினத்து முதலாளி ஒருவர் இரண்டு பாய்மரக் கப்பல் வாங்கியிருக்கிறார், தண்டையல் தேடுகிறார் என்று ஆள் வந்தது. மத்தியானச் சாப்பாட்டோடு பேசலாம் என்றார்களாம். இடம், கோட்டைக்கு எதிரே துரைமார் சாப்பிடும் ஒரு விடுதி. அன்று காலை என் காதை ஆசுபத்திரியில் காட்ட வேண்டியிருந்ததால் நானும் போனேன். வெள்ளிக்கிழமை இல்லை என்பதை அம்மா இரண்டு தரம் உறுதிசெய்தாள். மீன் மச்சம் தின்னாத விரத நாளில் போய்ச் சாப்பாட்டைத் தொடாமல் இருந்து, வந்த கப்பல் நழுவிவிடக் கூடாதல்லவா.

ஆசுபத்திரியில் மருந்து விட்டு இரண்டு காதிலும் பஞ்சு அடைத்தார்கள். அப்படியே விடுதிக்குப் போனோம். ஒல்லாந்தர் காலத்துக் கட்டடம். கதவு ஒவ்வொன்றும் எங்கள் வீட்டுக் கூரை உயரம். வாசலில் நின்ற மனேச்சர் முதலில் அப்புவின் வெறுங்கால்களைப் பார்த்தார், பிறகு உள்ளே இருந்த முதலாளி கைகாட்டுவதைப் பார்த்தார், அதன்பிறகே சிரித்தார். மேசைமேல் கஞ்சி போட்டு மடித்த துணி, ஆளுக்கு மூன்று கரண்டி, இரண்டு முள்ளுக்கரண்டி. நடுவில் அன்றைய சாப்பாட்டை இங்கிலீசில் எழுதிய அட்டை.

“இஞ்சை அறுக்குளா துரைமாருக்கு மட்டுந்தான் வைக்கிறவை, தண்டையல்,” என்றார் முதலாளி. “நான் நேற்றே சொல்லி வைச்சனான்.”

பரிமாறியவனுக்கு என் அண்ணையின் வயது, பதினைந்து பதினாறு இருக்கும். கழுத்துவரை பொத்தான் பூட்டிய வெள்ளைச் சட்டை, கீழே வெறுங்கால். சூப்புக் கோப்பைகளை எடுத்துவிட்டு, வெள்ளைக் குழம்பு ஊற்றிய மீனைக் கொண்டுவந்து வைத்தான். முதலாளி கண்ணை மூடிக்கொண்டு மென்றார். “மீன் எண்டால் இதல்லோ மீன்!” அப்பு முள்ளுக்கரண்டியில் ஒரு துண்டு எடுத்தார். வாய் ஒருகணம் நின்றது. பிறகு ஒன்றும் நடக்காததுபோல் தின்றார்.

நான் ஒரு துண்டு வாயில் வைத்தேன்.

“அப்பு, இது கட்டா.”

மெதுவாகத்தான் சொன்னேன் என்று நினைத்தேன். காது அடைத்திருந்ததால் எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த மேசைத் துரை திரும்பிப் பார்த்தார்.

“என்ன சொல்லுறாய், பிள்ளை?” என்றார் முதலாளி.

“கட்டா. அறுக்குளா இல்லை.”

முதலாளி முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார். பரிமாறியவனைக் கூப்பிட்டார். “டேய், இது என்ன மீன்?”

“அறுக்குளா, ஐயா.” அவன் கையில் இருந்த தட்டில் கரண்டிகள் ஒன்றோடொன்று மோதின. பஞ்சுக்குள்ளாலும் அது எனக்குக் கேட்டது. கள்ளன், அதுதான் நடுங்குகிறான் என்று நினைத்தேன்.

அதற்குள் மனேச்சர் ஓடிவந்து ஒரே மூச்சில் சொன்னார்: “இண்டைக்கு அறுக்குளா வரேல்லை ஐயா. கட்டாதான். ஐயாவிட்டைச் சொல்லிப்போட்டு வை எண்டு உவனிட்டைச் சொல்லி விட்டனான். உவன்தான் மறைச்சுப்போட்டான்.”

பழி அவ்வளவு வேகமாகக் கைமாறியதை நான் பிறகும் கண்டதில்லை. அட்டையில் அறுக்குளா என்று எழுதியவர் மனேச்சர். மீனை வாங்கியவரும் அவர். அடுப்படியிலிருந்து மேசைவரை இருபது அடி தூக்கி வந்ததுதான் அந்தப் பெடியன் செய்த வேலை. அவன் வாயைத் திறந்தான். மனேச்சரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். மேசையில் நின்ற அட்டையை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. எனக்கு வெற்றி.

“பொய் சொல்லுறவன் என்ரை மேசைக்கு வரப்படாது,” என்றார் முதலாளி. “இண்டைக்கே உவனை நிப்பாட்டும்.” பிறகு அப்புவின் பக்கம் சாய்ந்து சிரித்தார். “உம்மடை மோளுக்கு நல்ல நாக்கு, தண்டையல்! நீர் ஏன் பேசாமல் இருந்தனீர்?”

கப்பல் அந்தச் சிரிப்பில் இருந்தது. பத்து வயதுப் பிள்ளைக்கும் அது தெரிந்தது. மரியாதைக்குப் பேசாமல் இருந்தேன் என்று அப்பு சொன்னால் போதும், நாங்கள் கப்பலோடு வீட்டுக்குப் போகலாம்.

அப்பு துணியில் வாயைத் துடைத்தார். “எனக்கு விளங்கேல்லை, முதலாளி. அறுக்குளா எண்டுதான் தின்னுறன்.”

“என்ன?”

“முப்பது வரியம் கடலிலை கிடந்தனான். எனக்கே பிடிபடேல்லை. அடுப்படிச் சத்தத்திலை மனேச்சர் சொன்னதும் அவனுக்குக் கேட்டிராது. தூக்கிக்கொண்டு வாற பெடியனுக்கு எப்பிடிப் பிடிபடும்?”

முதலாளி தன் மீன் கோப்பையைப் பார்த்தார். அதிலிருந்த மீனில் பாதி ஏற்கெனவே வயிற்றுக்குள் போயிருந்தது, பாராட்டோடு. “அப்ப எங்கள் ரண்டுபேருக்கும் நாக்கு மரத்துப்போச்சு!” என்று சிரித்தார். மனேச்சரும் சிரித்தார். “சரி, நிண்டு பாக்காதை. போய் மற்றதைக் கொண்டுவா,” என்று பெடியனை உள்ளே அனுப்பினார்கள். அவனை நிப்பாட்டும் பேச்சு அதோடு போனது.

புடிங் வந்து முடியும்வரை கப்பல் பற்றிப் பேச்சில்லை. கைகழுவி எழும்பும்போது முதலாளி சொன்னார்: “பாத்துச் சொல்லியனுப்புறன்.”

பஸ்ஸில் நான் வெடித்தேன். “உங்களுக்குத் தெரியாதோ அது கட்டா எண்டு?”

“வாயிலை வைச்ச உடனை தெரியும்.”

“அப்ப ஏன் பொய் சொன்னனீங்கள்?”

“பஞ்சை இழுக்காதை, பிள்ளை. காது.”

கப்பல் வேறொருவருக்குப் போனது. கதை அதற்கு முன்னமே கரைக்கு வந்துவிட்டது. கட்டாவும் அறுக்குளாவும் தெரியாத தண்டையலுக்குத் திசை எப்படித் தெரியும் என்று கடற்கரையில் கேட்டுச் சிரித்தார்கள். அப்பு கேட்டுக்கொண்டு வலைக்காரரோடு நின்றார், சில வேளை கூடவே சிரித்தார். அவருக்கு இல்லாத ரோசம் எல்லாம் எனக்கு வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒருத்தி, “கட்டாத் தண்டையலின்ரை மோள் வாறாள்,” என்றாள். நான் இருந்த வாங்குப் பலகையில் ஏறி நின்று கத்தினேன்: “என்ரை அப்புவுக்குத் தெரியும்! தெரிஞ்சுதான் பொய் சொன்னவர்! அந்தப் பெடியனுக்கும் தெரியும்!”

வீட்டுக்கு வந்து, அவருடைய மானத்தைக் காப்பாற்றிவிட்ட பெருமையோடு அதைச் சொன்னேன். வேலி கட்டிக்கொண்டிருந்த அப்புவின் கை நின்றது. கப்பல் போனபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

“பெடியனுக்கும் தெரியும் எண்டோ சொன்னனீ? ஆர் ஆர் கேட்டவை?”

பெயர்களைச் சொன்னேன். அவர்களில் ஒருத்தியின் மாமன் பட்டினத்தில் அந்த முதலாளியின் கடையில் வேலைக்கு நின்றார்.

“நாளைக்குப் போய், நீ சொன்னது பொய் எண்டு சொல்லு. அப்புவுக்கு மீன் தெரியாது எண்டு சொல்லு.”

“மாட்டன்.”

“சொல்லு, பிள்ளை.” அது கட்டளையாக இல்லை. என்னிடம் எதையோ இரந்து கேட்பதுபோல் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமூட்டியது.

மறுநாள் அதே வாங்கில் ஏறி நின்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். உண்மையைச் சொன்ன ஒரே ஆளான நான் பொய்க்காரியாகக் கீழே இறங்கினேன். அப்புவோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. முதலாளிக்குப் பயந்து என்னைப் பலிகொடுத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். கையில் இருந்த கப்பலையே விட்டுவிட்டு வந்தவருக்கு அந்த முதலாளியிடம் பயப்பட இனி என்ன இருந்தது என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை.